பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசவும்

மார்ச் 7, செவ்வாய்

அத்திமரத்தில் மிச்சம் இருந்ததையும் வௌவால்கள் முடித்துவிட்டன. நெவ் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "ஒண்ணுகூட விடல, திருட்டுப் பசங்க" என்றான். வலை போடு என்று போன மாதமே சொன்னேனே என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? எனக்கே கேட்கவில்லை.

அறுவை முடிந்து ஐந்து வாரம். தைராய்டுக் கட்டி போய்விட்டது, கெட்டது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குரல் நாணுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். பிரித்தெடுத்ததில் அது துவண்டுவிட்டது. ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாயைத் திறந்தால் காற்று வருகிறது, அவ்வளவுதான்.

நெவுக்கு இடது காது முப்பது வருடமாகக் கேட்காது. அபலோன் சிப்பி எடுக்க மூழ்கி மூழ்கி, ஒருநாள் ஆழத்தில் செவிப்பறை கிழிந்தது. வலது காதும் அதன் பின்னாலேயே மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. காதுக் கருவி வைத்துக்கொள் என்றால், "காதுக்குள்ள நண்டை விட்ட மாதிரி இருக்கும், ஆள விடு" என்பான். ஆக, இந்த வீட்டில் மனைவி கிசுகிசுக்கிறாள், கணவன் "என்ன?" என்கிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான்.

மார்ச் 10, வெள்ளி

ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி வந்தேன். பால். முட்டை. மாத்திரை நான்கு மணிக்கு. குழாய் ஒழுகுகிறது.

நெவ் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறான். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையில சிக்கின மாதிரி இருக்கு" என்றான். சரிதான். பலகையில் எழுதுவதெல்லாம் கட்டளையாகவே வருகிறது. இன்று மதியம் விரிகுடா முழுக்க வெளிச்சம் நீட்டிப் படுத்துக் கிடந்தது, யாரோ பட்டுத்துணியை உலர்த்தப் போட்ட மாதிரி. இதைப் பலகையில் எழுதி ஒரு மனிதனிடம் நீட்ட முடியுமா?

மார்ச் 15, புதன்

வானொலி நிலையத்துக்கு ஏறிப் போனேன். குன்றுமேல் அந்த ஒற்றை அறையில் பத்தொன்பது வருடம். காலை ஏழு மணிக்குப் படகுகளுக்கு வானிலை வாசிப்பேன். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், யார் எத்தனை பேரோடு கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எல்லாம் குறித்துக்கொள்வேன். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் என் குரலைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் கயிற்றை அவிழ்த்ததில்லை.

இப்போது வில்மா வாசிக்கிறாள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவளைப் போல வாசிக்கிறாள். முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "படகுக்காரங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க, க்ளென். எங்க அந்தப் பழைய அம்மா, அவங்க சொன்னா புயல்கூட மரியாதையா வருமேன்னு கேக்குறாங்க."

சிரித்தேன். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.

"உன் நாற்காலி உனக்குத்தான்" என்றாள். "ஆனா குளிர்காலத்துக்கு வேற ஆள் பாக்கணும். தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கி வரும்போது மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 22, புதன்

விடியலில் ஒரு கனவு. கடலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானிலை வாசிக்கிறேன். என் குரல்தான், பழைய குரல். சொல் ஒவ்வொன்றும் குமிழியாக மேலே போகிறது. மேலே படகின் அடிப்பாகங்கள், இலைகள் மிதப்பதைப் போல. யாரோ மேலிருந்து குமிழிகளை ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரென்று முகம் தெரியவில்லை.

விழித்ததும் 'காலை வணக்கம்' என்று சொல்லிப் பார்த்தேன். காற்று.

மார்ச் 28, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் காணொளியில் வந்தாள். கிசுகிசுத்தே பழகிவிட்டால் தொண்டை இறுகிவிடும், அளவோடு பேசுங்கள் என்றாள். பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறதாம், டிவியிலும் போட்டுக்கொள்ளலாமாம். டிவியோடு இணைத்த அந்தச் சின்னப் பெட்டியின் ரிமோட்டில் மைக் இருந்தால் போதும் என்றாள். இருக்கிறது. நெவ் மீன்பிடி நிகழ்ச்சி தேட அதில் கத்துவானே, அதே ரிமோட்தான்.

செயலியைப் போட்டோம். திரையில் ஏதோ கேட்டது. நெவ் பழக்கதோஷத்தில் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டான். அவனுக்கு எந்தத் திரையும் எதையும் கேட்கக் கூடாது.

அதற்கப்புறம் மைக் பொத்தானை அழுத்தி நான் எதைச் சொன்னாலும் பெட்டி படம் தேடக் கிளம்பிவிடுகிறது. தண்ணீர் வேண்டும் என்றேன், சுறா படங்கள் பன்னிரண்டு வந்தன. முதுகு வலிக்கிறது என்றேன், யோகாசனம் வந்தது. நெவ், நான் சொல்வது தெரிகிறதா என்றேன். நெவாடா பாலைவனம்.

நெவ் சிரித்துச் சிரித்து இருமினான். "உன் மனசுல என்ன இருக்குன்னு நாப்பத்து மூணு வருஷமா தெரியாம இருந்தேன். சுறாவா இருந்திருக்கு."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அப்புறம் நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நூலகத்தில் செவ்வாய்தோறும் கருவிகளுக்கு உதவி செய்கிறார்கள். பிலிபா என்கிற பெண். சட்டையில் பூனைமயிர், பேச்சில் அவசரமே இல்லை. என் பலகையை வாசித்துவிட்டுத் தன் ஃபோனில் அதே பெட்டியின் படத்தைக் காட்டினாள்.

"மைக் அந்தப் பெட்டிக்குச் சொந்தம். மத்த ஆப் எல்லாம் விருந்தாளி மாதிரி. முதல் தடவை வரும்போது 'நான் கேக்கலாமா'ன்னு அனுமதி கேக்கும். உங்க வீட்டுக்காரர் கதவைச் சாத்திட்டாரு. அது மானமுள்ள ஆப், மறுபடி தட்டாது. நீங்கதான் அமைப்புகளுக்குள்ள போய், அந்த ஆப்பைத் தேடி, மைக்னு இருக்கிறதைத் திறந்துவிடணும்."

இன்னொன்றும் சொன்னாள். முதலில் செயலியில் எழுத்து விழ வேண்டிய கட்டத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே நின்றுகொண்டு அழுத்தினால்தான் அது கேட்கும். வேறெங்கோ நின்று அழுத்தினால் பெட்டி படம் தேடத்தான் போகும். பொத்தானை விட்டால் கேட்பதும் நின்றுவிடும்.

"எல்லாரும் அழுத்தின உடனே பேசிடுவாங்க, முதல் வார்த்தை போயிடும்" என்றாள்.

பலகையில் எழுதிக் காட்டினேன்: 'நான் பத்தொன்பது வருடம் கடல் வானொலியில் இருந்தேன். அழுத்து, ஒரு மூச்சு பொறு, பேசு, விடு.'

பிலிபா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் ஏன் உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்?"

ஏப்ரல் 5, புதன்

வந்துவிட்டது.

சாயங்காலம் நான்கு மணி. மைக் என்பது ரிமோட்டின் தலையில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை. அதை உதட்டுக்கு அருகே வைத்துக்கொண்டேன். கட்டத்தில் நின்றேன். அழுத்தினேன். திரையில் 'கேட்கிறேன்' என்று வந்தது. ஒரு மூச்சு பொறுத்தேன். டீ போடட்டுமா என்றேன்.

'தீ போடட்டுமா' என்று எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு.

நெவ் நிதானமாக வாசித்தான். "அடுப்புலயா, வீட்டுலயா?" என்றான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

நான்கு மணி ஆனால் இருவரும் சொல்லிவைத்ததைப் போலத் திரைமுன் வந்து உட்கார்ந்துவிடுகிறோம். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிடுவான். அறை மங்கலாகும், எழுத்து பளிச்சென்று தெரியும். அவன் வாயால் பேசுகிறான், நான் சுவரில் பேசுகிறேன்.

பசிக்கிறதா என்றால் 'பாசி இருக்கிறதா' என்கிறது. மழை வரும் என்றால் மலை வருகிறது. நெவ் ஜன்னல் பக்கம் திரும்பி, "எந்தப் பக்கமா வருது?" என்று கேட்கிறான். முட்டை மூட்டையாகிறது. நேற்று நன்றாகத் தூங்கினாயா என்றதற்கு, நன்றாகத் தொங்கினாயா என்று கேட்டிருக்கிறேன். "வௌவால்கிட்ட கேளு" என்றான்.

ஆனால் மற்றதும் பேசுகிறேன். கனவைச் சொன்னேன், குமிழிகளை, இலைகளாக மிதந்த படகுகளை. எல்லாம் எழுத்தாகி மெல்ல மேலே ஏறி மறைந்தது. நெவ் கடைசி வரி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழே இருந்து பாத்தா படகு அப்படித்தான் இருக்கும்" என்றான். "இலை மாதிரியேதான். இவ்வளவு நாளா நான் உனக்குச் சொன்னதே இல்ல, பாரு."

மே 3, புதன்

எத்தனை வருடமாக நான் பேசியதில் பாதிகூட அவனுக்கு எட்டியிருக்காது என்று இப்போதுதான் புரிகிறது. என் குரல் இருந்தபோதே. மேசையில், காரில், சமையலறையில், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னதெல்லாம் எங்கே போயிருக்கும்? அவன் தலையாட்டுவான். நான் நகர்ந்துவிடுவேன்.

குரல் போன பிறகுதான் அவன் நான் சொல்வதை முழுசாகக் கேட்கிறான். நினைத்தால் தலை சுற்றுகிறது.

மே 20, சனி

"அந்தப் பச்சை சட்டையை ஏன் தூக்கிப் போட்ட?" என்று கேட்டான். 1998-இல் போட்டது. சொன்னேன். இரண்டு மணி நேரம் சட்டைகளைப் பற்றியே பேசினோம்.

ஜூன் 9, வெள்ளி

குரல் பயிற்சிக்கு இன்னொரு செயலி. அதுவும் மைக் அனுமதி கேட்டது. இந்தத் தடவை நெவ் 'சரி'யை அழுத்தினான். ம்ம்ம் என்று முனக வேண்டும். குரல் நிலைத்தால் திரையில் ஒரு கோடு ஏறும். இன்று கோடு தரையைவிட்டு ஒரு விரல் எழும்பியது, உடனே படுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முனகினேன். ஏதோ பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டு யாரையோ கூப்பிடுவதைப் போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது நெவ் கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 11, செவ்வாய்

எழுதுகிறேன்.

இன்று ரெக்ஸ் மூழ்கிப்போன நாள். நெவின் தம்பி. பதினோரு வருடம். ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் நெவ் தனியாக முனைப்பாறைக்குப் போய் நின்றுவிட்டு வருவான். வந்து எதுவும் பேச மாட்டான், நானும் கேட்க மாட்டேன். இன்று மழை விடவில்லை, அவன் போகவில்லை. நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்தான். நான் ரிமோட்டை எடுத்தேன்.

"அவன் கடைசியா உன்கிட்டதானே பேசினான்" என்றான். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் கேட்டான். அங்கே ஒன்றும் இல்லை, 'கேட்கிறேன்' என்ற சொல் மட்டும். "என்ன சொன்னான்?"

எனக்குப் புரியவில்லை. உன்னிடம் சொன்னேனே என்றேன். 'உன்னிடம் சொன்னேனே' என்று எழுதியது, ஒரு எழுத்து பிசகாமல்.

"எப்ப?"

அன்றைக்கே. துறையில்.

அவன் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், மெதுவாக: "எந்தப் பக்கம் நின்ன?"

அழுத்திப் பிடித்திருக்கிறேன். கேட்கிறேன், கேட்கிறேன் என்று அது மினுங்குகிறது. அன்று துறையில் தென்மேற்குக் காற்று. காவல் படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது கையை. இடது பக்கம். அவன் காது செத்துப்போன பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், அவன் தலையாட்டினான். தலையாட்டினானே—

'நீ தலையாட்டினாய்.'

"நான் எல்லாத்துக்கும்தான் தலையாட்டுவேன், க்ளென். காது கேக்காதவன் வேற என்ன செய்வான்?"

சொன்னேன். பதினோரு வருடம் கழித்து, கிசுகிசுவென்று, ஒரு துளைக்குள். ரெக்ஸ் வானொலியில் கூப்பிட்டான். படகில் தண்ணீர் ஏறுகிறது என்றான். எங்கே இருக்கிறாய் என்றேன், சொன்னான். மீட்புப் படகு கிளம்பிவிட்டது என்றேன். அப்போது சொன்னான்: க்ளென், பம்ப் ஓடுது. நல்லா ஓடுது.

திரையில் வந்தது: 'பாம்பு ஓடுது. நல்லா ஓடுது.'

நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். திருத்திச் சொன்னேன். பாம்பு. மறுபடியும் சொன்னேன். பாம்பு. நெவ் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தான். "புரியுது. பம்ப். தண்ணி இறைக்க நான் மாட்டிக் கொடுத்த பம்ப். மேல சொல்லு."

சொன்னேன். அடியில் ஏதோ இடிச்சிருக்கு, மரக்கட்டைன்னு நினைக்கிறேன், பலகை பிளந்துடுச்சு. பம்ப் நிக்கவே இல்ல. நெவ்கிட்ட சொல்லிடு.

எல்லாம் எழுத்தில் நின்றது. பாம்பு நிற்கவே இல்லை. நெவிடம் சொல்லிவிடு.

அவன் சிரித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷமா" என்றான், "தினமும் அந்த ஒயரை மனசுக்குள்ள கழட்டி மாட்டிக்கிட்டே இருக்கேன். எந்த ஸ்க்ரூவை முடுக்காம விட்டேன்னு. தினமும், க்ளென்."

எழுந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். இருட்டுவதற்குள் வந்துவிட்டான், முழுக்க நனைந்து. சாப்பிடவில்லை.

ஜூலை 12, புதன்

பேசவில்லை. நான்கு மணிக்கு வரவும் இல்லை. கொட்டகையில் இருக்கிறான்.

ஜூலை 13, வியாழன்

ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை? அதைத்தான் கேட்கப் போகிறான். நானே கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை நடந்தபோது அதிகாரி முன்னால் சொன்னேன், எல்லாம் பதிவானது. நெவ் அந்த அறைக்கே வரவில்லை. அறிக்கை தபாலில் வந்தது, பிரிக்காமல் இழுப்பறையில் போட்டான். தெரிந்ததை எதற்கு வாசிக்க வேண்டும் என்றிருப்பான் என நினைத்தேன். படகை எல்லாம் விற்றான். கடலில் காலே வைக்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன். துக்கத்துக்குள்ளே குற்றவுணர்ச்சி உட்கார்ந்திருக்கும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

உண்மையைச் சொல்வதானால் அது மட்டுமில்லை. அந்தச் சொற்களை இரண்டாவது தடவை என் வாயால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஒருமுறை சொல்லியாயிற்று, அவன் தலையாட்டினான், தப்பித்தேன். ஆமாம், தப்பிச்சேன். அதுதான் நெஜம். ஊருக்கெல்லாம் நிறுத்தி நிதானமா வானிலை வாசிச்சேன், யாராவது சரியா கேக்கலைன்னா மூணு தடவை திருப்பிச் சொன்னேன். வீட்டுல இருக்கிறவன்கிட்ட ஒரே ஒரு தடவை 'கேட்டுச்சா'ன்னு கேட்டிருந்தா?

ஜூலை 15, சனி

கொட்டகைக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"கோவமா இருக்கு" என்றான். "உன் மேலயா, என் மேலயான்னு தெரியல. நீ ஒரு தடவை சொன்ன. நான் ஒரு தடவைகூட கேக்கல. கணக்கு பாத்தா நான்தான் பின்னால இருக்கேன்."

பலகை கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். அவனுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை வலது பக்கம். கூரையில் மழை விட்டுவிட்டுச் சொட்டியது. அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது.

கொஞ்சம் கழித்து, "அந்தக் காது மெஷினை ஏன் வேண்டாம்னேன் தெரியுமா?" என்றான். "நண்டு எல்லாம் சும்மா. ஊர்ல நாலு பேரு பேசுவாங்க. எங்கயாவது எவனாவது, நெவ் மாட்டின பம்ப்தான் நின்னுபோச்சுன்னு சொல்லிடுவானோன்னு. கேக்காமலே இருந்துடலாம்னு."

ஜூலை 17, திங்கள்

இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வந்தான். பிரித்தான். மேசையில் வைத்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தான். ரெக்ஸ் சொன்னது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்க எண்கூட இவ்வளவு நாள் தெரியாது.

மடித்து வைத்துவிட்டு, "நாலு மணி ஆச்சே, டிவி போடலையா?" என்றான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கோடு ஏறி நின்றது. நான்கு நொடி. ஏதோ துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம், என்னிடமிருந்துதான். நெவ் சமையலறையிலிருந்து "யாரு வந்திருக்கா?" என்றான்.

ஆகஸ்ட் 30, புதன்

நெவ் காதுக் கருவியோடு வந்தான். போகும்போது என்னிடம் எங்கே என்று சொல்லவே இல்லை. வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான், திருடனைப் பிடித்துக்கொடுக்கிறவனைப் போல. "ஃப்ரிட்ஜ் முனகுது. அந்தக் கடிகாரம் இவ்வளவு சத்தமா? என் செருப்பு இப்படியா இழுக்குது?"

அரை மணியில் கழற்றி வைத்துவிட்டான். களைப்பாம். நாளைக்கு ஒரு மணி நேரம் என்றான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

திமிங்கிலங்கள் தெற்கே திரும்புகின்றன. குன்றுமேல் ஏறி இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தாயும் குட்டியும், விரிகுடா வாயில், அவசரமே இல்லாமல். மூச்சுவிட்டன. அந்த ஓசை, பெரிய கோணிப்பையைத் தரையில் போட்டாற்போல, கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

நெவ் என் முழங்கையைப் பிடித்தான். "அது இங்கவரைக்கும் கேக்குமா?" என்றான்.

கேட்கும் என்றேன். என் குரல் இப்போது ஒரே தட்டையில், தாழ்ந்து, கரகரவென்று இருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லை. பயிற்சிக்காரப் பெண் இதற்கு மேல் வரலாம், வராமலும் போகலாம் என்கிறாள். மீனவர்கள் புயலுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிற குரல் என்றார்களே, அது இல்லை இது. வேறு யாரோ ஒருத்தியின் குரல். அவளோடு பழகிக்கொண்டிருக்கிறேன்.

அவள் சொன்னது அவனுக்கு முதல் தடவையிலேயே கேட்டது.

அக்டோபர் 8, ஞாயிறு

நான்கு மணி. குரல் வந்துவிட்டது, கருவி இருக்கிறது. எதற்கு டிவி என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் ரிமோட்டை எடுக்கும்முன் நெவ் எடுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு நான்" என்றான். கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று தெரியவில்லை. கட்டத்தில் போய் நின்றான். அழுத்தினான், உடனே பேசினான், பொறுக்கவில்லை. முதல் வார்த்தை போய்விட்டது.

திரையில் வந்தது: 'கடலுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.'

போன வார்த்தை என்ன என்று நான் கேட்கவில்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எழுத்து சுவரில் நின்றது, அவன் பொத்தானை விடவே இல்லை. அது கேட்டுக்கொண்டே இருந்தது. அறையில் எங்கள் மூச்சு மட்டும். அது மூச்சை எழுதுவதில்லை.

"வில்மா வீட்டுக்காரன் ஏர்ல் சின்னப் படகு வச்சிருக்கான்ல" என்றான் அப்புறம், திரையை விட்டுவிட்டு என்னிடம். "விரிகுடாவுக்குள்ளயே. தூரமா இல்ல."

எப்போது என்றேன்.

"காத்து நல்லா இருக்கிற அன்னைக்கு. நீதான் சொல்லணும்."

நவம்பர் 4, சனி

வில்மா காலை வானிலையை வாசித்தாள், இப்போது நிதானமாகவே வாசிக்கிறாள். ஏழு மணி வாசிப்பு இனி அவளுடையது, நான்தான் அப்படிச் சொன்னேன். வாசித்து முடித்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

7.20. ஏர்லின் படகு. கூப்பிட்டது ஏர்ல் இல்லை. கடலில் பேசிப் பதினோரு வருடம் ஆன ஒருவன், கொஞ்சம் சத்தமாகவே பேசினான். ஆட்கள் இரண்டு. விரிகுடாவுக்குள். பதினொன்றரைக்குத் திரும்புவோம் என்றான்.

அழுத்தினேன். ஒரு மூச்சு பொறுத்தேன். வடகிழக்குக் காற்று, பத்து நாட் வேகம், மதியத்துக்கு மேல் ஏறும், அதற்குள் வந்துவிடுங்கள் என்றேன். கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு, க்ளென். வடகிழக்கு, பத்து. மதியத்துக்குள்ள வந்துடணும்."

ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதினேன்.

11.10. திரும்பியாயிற்று.